ட்ரெயில் கேமராவில் 4,000 படங்கள், எல்க் இருப்பது 31-இல் மட்டும். கேமரா பழுதா?

முதல்பனி:
வணக்கம். அமெரிக்காவில், கொலராடோவின் டென்வரில் இருக்கிறேன். செப்டம்பர் 2-ஆம் தேதி தொடங்கும் வில் வேட்டைக்கு முதன்முறையாக எல்க் (ஒருவகைப் பெரிய மான்) உரிமம் எடுத்திருக்கிறேன். ஒயிட் ரிவர் தேசிய வனத்தில், பிளாட் டாப்ஸ் பக்கம், சுமார் 10,000 அடி உயரத்தில் எல்க் புரளும் சேற்றுக் குழி ஒன்று கிடைத்தது. ஜூலை 20 அன்று அதன் எதிரே ஒரு மரத்தில், விலங்கு அசைந்தால் தானே படமெடுக்கும் ட்ரெயில் கேமராவைக் கட்டினேன். ஆகஸ்ட் 8-இல் போய்ப் பார்த்தால் பேட்டரி தீர்ந்து கிடக்கிறது. புது அல்கலைன் பேட்டரிகள் எட்டும் 11 நாள்தான் தாங்கியிருக்கின்றன.

எல்க் இருக்கும் 31 படங்களில் பாதிக்கு மேல் பின்புறம் மட்டும்தான். மீதி எல்லாம் வெறும் புல். அந்தப் புல் படங்கள் பெரும்பாலும் மாலை 6.30 முதல் 9 மணிக்குள் பளிச்சென்ற வெயிலில் எடுத்தவை. எல்க் வருவது மாலை 5.30 முதல் 6 மணிக்குள். ஆனால் அந்தப் படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளையாக இருக்கின்றன. குழிக்கு மேலே உள்ள பாறையில் மாலை நேரத்தில் காத்திருக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். அதற்குள் வேறு கேமரா வாங்கவேண்டுமா?

பைன்மரத்தடி:
வாங்கவேண்டாம். கேமரா எந்தத் திசையைப் பார்க்கிறது? எதிரே புல் எவ்வளவு உயரம்?

முதல்பனி:
கிழக்கு. புல் முழங்காலுக்கு மேல்.

பைன்மரத்தடி:
அப்படியானால் வெறும் படங்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அந்த உணரி மானை அறியாது. சுற்றுப்புறத்தைவிடச் சூடான ஒன்று அசைந்தால் படம் எடுக்கும், அவ்வளவுதான். வெயிலில் காய்ந்த புல் காற்றில் ஆடினாலும் அதற்கு ஒன்றுதான். வெயில் நேரே விழாதபடி கேமராவை வடக்குப் பார்க்கத் திருப்புங்கள். முன்னால் உள்ள புல்லையும் தாழ்ந்த கிளைகளையும் ஒதுக்குங்கள். 4,000 முறை எடுத்தால் எந்த பேட்டரியும் தீரத்தான் செய்யும். ஆனாலும் அந்த உயரத்தில் ஆகஸ்ட் இரவும் குளிரும் என்பதால் லித்தியம் போடுங்கள். குளிரில் அல்கலைன் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

பின்புறம் மட்டும் விழுவதற்குக் காரணம், தடத்துக்குக் குறுக்கே நேராக வைத்திருப்பது. கேமரா விழிப்பதற்குள் மான் கடந்துவிடுகிறது. தடத்தின் நீளவாக்கில் சாய்த்து, ஆள் உயரத்துக்கு மேலே கட்டிக் கீழ்நோக்கிச் சரித்து வையுங்கள்.

வேகநடை:
இவ்வளவு எதற்கு? செல்பேசிக்குப் படம் அனுப்பும் கேமரா ஒன்றை வைத்துவிட்டு வீட்டிலிருந்தே பாருங்கள். மான் வந்ததும் புறப்படலாம்.

பழைய_வில்:
வேகநடை, அப்படிப் புறப்பட்டால் அபராதத்தோடுதான் திரும்புவார். கொலராடோவில் உடனுக்குடன் படம் அனுப்பும் கேமராவைக் கொண்டு விலங்கு இருக்கும் இடத்தை அறிந்து, அன்றோ மறுநாளோ வேட்டையாடக் கூடாது. அரிசோனா 2022 முதல் வேட்டைக்கு ட்ரெயில் கேமராவையே தடை செய்துவிட்டது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு.

முதல்பனி, உங்கள் கடிகாரத்தைப் பற்றி ஒரு சந்தேகம். ஆகஸ்ட் தொடக்கத்தில் அங்கே எட்டேகால் மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். இரவு 9 மணிக்கு வெயில் எங்கிருந்து வந்தது? அதுவும் கிழக்குப் பார்த்த கேமராவில்? மாலை 6 மணிக்குக் கறுப்பு வெள்ளைப் படம் ஏன்? இருட்டில் அகச்சிவப்பு விளக்கு எரிந்தால்தானே அப்படி வரும்? கேமராவைக் கட்டிய அன்று அது எடுத்த முதல் படம் நீங்களாகத்தான் இருக்கவேண்டும். அதில் என்ன நேரம் இருக்கிறது என்று பாருங்கள்.

முதல்பனி:
பார்த்தேன் அண்ணா. கட்டியது பிற்பகல் 2 மணிக்கு. படத்தில் நல்ல வெளிச்சத்தில் என் முகம், நேரம் அதிகாலை 2.10! முற்பகலையும் பிற்பகலையும் மாற்றி வைத்திருக்கிறேன். கோடைப் பகல் நீளம் என்று எண்ணி அந்த 9 மணி வெயிலையும் நம்பியிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

பழைய_வில்:
வெட்கம் எதற்கு, நான் ஒரு வருடம் தேதியையே தவறாக வைத்தேன். ஆனால் உங்கள் திட்டம் தலைகீழாகிவிட்டது. எல்க் வருவது விடியலில். அந்நேரம் குளிர்ந்த காற்று சரிவிலிருந்து கீழே இறங்கும். மேலே பாறையில் உட்கார்ந்தால் உங்கள் வாடை நேராகக் குழிக்குப் போகும், ஒரு மானும் நிற்காது. கீழ்ப்புறமாக, பக்கவாட்டில் இடம் தேடுங்கள். வெயில் ஏறிச் சரிவு சூடானதும் காற்று மேல்நோக்கித் திரும்பும், அதற்குள் எழுந்து வந்துவிடுங்கள்.

கேமராவின் நினைவு அட்டையை மாற்ற நண்பகலில் மட்டும் போங்கள். வாரந்தோறும் வேண்டாம்.

ஆஸ்பென்வாசி:
இன்னொன்று. ஜூலைப் படத்தைச் செப்டம்பருக்கு நம்பவேண்டாம். கோடையில் கலைகள் (ஆண் எல்க்) கூட்டமாக உயரத்தில் மேயும். ஆகஸ்டில் கொம்பின் மென்தோல் உரிந்ததும் அந்தக் கூட்டம் கலைந்து, பிணைகளை (பெண் எல்க்) தேடி ஒவ்வொன்றும் ஒரு பக்கம் போய்விடும். உங்கள் 31 படங்களில் பிணையும் கன்றும் எத்தனை?

முதல்பனி:
22. அவற்றை வீண் என்று ஒதுக்கிவைத்திருந்தேன்.

ஆஸ்பென்வாசி:
நான் முதலில் பார்த்திருப்பது அந்த 22-ஐத்தான். பிணைகள் தங்கும் இடத்துக்குச் செப்டம்பரில் கலை தானே வரும். அவை எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்று பார்த்து, அந்தத் தடத்தில் இரண்டாவது கேமரா வையுங்கள்.

முதல்பனி (ஆகஸ்ட் 24):
இன்று போய் வந்தேன். வடக்குப் பார்த்து, லித்தியம் போட்டு, 14 நாளில் 190 படங்கள். 57-இல் எல்க். பெரும்பாலும் பிணைகள், காலை 5.40-ஐ ஒட்டி, கீழே ஆஸ்பென் தோப்பிலிருந்து ஏறி வருகின்றன. மூன்று நாள் முன்பு ஒரு கலை தனியாக வந்திருக்கிறது. கொம்பில் மென்தோல் கிழிந்து கந்தல்போல் தொங்குகிறது. குழியில் இறங்கிப் புரண்டுவிட்டுத் தோப்புப் பக்கமே போயிருக்கிறது. பாறையை விட்டுவிட்டேன். கீழே, தோப்புத் தடத்துக்குப் பக்கவாட்டில், விழுந்து கிடக்கும் ஸ்புரூஸ் மரம் ஒன்றின் பின்னால் இடம் பார்த்திருக்கிறேன்.

அட்டையின் கடைசிப் படத்தில் நான் இருக்கிறேன். பிற்பகல் 12.40. கைக்கடிகாரத்தோடு ஒத்துப்பார்த்தேன், சரியாக இருக்கிறது.