மோட்டிஃபுக்குத் தமிழ்? (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

வாலிநோக்கம் ஆசிரியை:
குழுவினருக்கு வணக்கம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' படித்து வாரம் ஒரு பக்கம் எழுதுகிறார்கள். தூத்துக்குடி உப்பளத்துக் கதை. இங்கே பல வீடுகளில் அளத்து வேலைதான், அதனால் பாத்தி, வரப்பு எதையும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மாணவி எழுதியிருக்கிறாள்: "உப்பு முதல்ல கூலியா வருது, அப்புறம் கால் வெடிப்புல எரியுது, அப்புறம் கோபமாயிடுது." பக்கத்தில் 'குறியீடு' என்று எழுதப் போய் நிறுத்திவிட்டேன். குறியீடு ஒன்றைச் சுட்டிவிட்டு நிற்கும். இது வரும்போதெல்லாம் கனம் கூடுகிறது. ஆங்கிலத்தில் மோட்டிஃப் என்பார்கள், கதையில் திரும்பத் திரும்ப வரும் கூறு. கையேட்டில் அதற்கு என்ன தமிழ்ச் சொல் போடலாம்?

மதுரை:
அம்மா, 'தீம்', அதாவது கதையின் மையக் கருத்து, என்பதற்குக் கருப்பொருள் என்றுதானே போட்டிருக்கிறீர்கள்? கோளாறே அங்கேதான். தொல்காப்பியர் கருப்பொருள் என்றது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ். உப்பு விளைத்தல் கடற்கரைத் திணையான நெய்தலின் தொழில், ஆக உப்பு கருப்பொருள். இரங்கல் உரிப்பொருள், அத்திணைக்குரிய உணர்வு. தீமுக்கு உரிப்பொருள், மோட்டிஃபுக்குக் கருப்பொருள். வீட்டிலேயே சொல் கிடக்க வெளியே தேடுவானேன்?

தொண்டி:
இலக்கணப்படி ஐயா சொல்வது சரி. ஆனால் பாடப்புத்தகம் முழுக்கத் தீம்தான் கருப்பொருள். நாம் மாற்றிவிட்டால் பரீட்சையில் மார்க் யார் போடுவது? நாட்டார் வழக்காற்றியலில், நாட்டுப்புறக் கதைகளின் மோட்டிஃபுகளை வகைப்படுத்திய ஸ்டித் தாம்சன் அட்டவணையைப் பேசும்போது, 'கதைக்கூறு' என்பார்கள். அதை ஒட்டி 'மீள்கூறு'. பிள்ளைக்கும் புரியும்.

சிங்கப்பூர்:
மீள்வது என்றால் தப்பி வருவது. அளத்தில் இறங்கியவர் எங்கே மீண்டார்? 'பல்லவி' என்று வையுங்கள்.

மதுரை:
பல்லவி அதே வரியல்லவா? அந்தப் பெண் சொல்வது மாறிமாறி வருவதை.

சிங்கப்பூர்:
அதற்குத்தான் சங்கதி இருக்கிறதே ஐயா! ஒரே வரி, ஒவ்வொரு தடவையும் புதுசு.

கீழக்கரை:
'இறைச்சி' என்று வைத்தால் என்ன? கருப்பொருள் வழியே மறைவாக உணர்த்தும் பொருள், அதுவும் தொல்காப்பியம்தான்.

வாலிநோக்கம் ஆசிரியை:
வைக்கலாம். வகுப்பில் ஆட்டுக்கறியா கோழிக்கறியா என்று கேட்பார்கள்.

மதுரை:
சிரிக்கட்டும், பிறகு மறக்க மாட்டார்கள். அளம் என்றதும் ஒன்று. கோவளம் என்பது கோ + அளம், அரசனின் உப்பளம் என்பது என் நெடுநாள் கட்சி. அகநானூறு 140-இல் அம்மூவனார் காட்டும், உப்பு விற்கும் உமணர் மகள் 'நெல்லின் நேரே வெண்கல் உப்பு' என்று சேரியில் விலை கூறுகிறாள். படிக்குப் படி நெல்! அந்த விலை இன்று கூலிக்காரருக்குக் கிடைக்கிறதா? உமணர் என்ற சொல்லையே எடுத்துக்கொண்டால்...

தொண்டி:
ஐயா, வெள்ளிக்கிழமை.

வாலிநோக்கம் ஆசிரியை:
உமணரை அடுத்த இழையில் வைத்துக்கொள்வோம் ஐயா, நானே தொடங்குகிறேன். பெரும்பாலோர் மீள்கூறு பக்கம் சாய்ந்திருக்கிறார்கள், அல்லது மற்றவர்கள் தூங்கப் போய்விட்டார்கள். அதையே போடுகிறேன். சங்கதி எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் எங்கள் ஊரில் சங்கதி என்றால் சேதி.

மதுரை:
சொல்லில் பழுதில்லை, பொருளில் உண்டு. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். கருப்பொருளை அடிக்குறிப்பிலாவது சேருங்கள்.

வாலிநோக்கம் ஆசிரியை:
அந்தப் பக்கத்தில் இடமில்லை ஐயா. பின்னட்டை காலியாக இருக்கிறது, பார்க்கிறேன்.