வெங்காய வேர்நுனி ஸ்லைடு சரியாக வரவில்லை, உதவுங்கள்

வணக்கம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மைட்டாசிஸ் (செல் பிரிதல்) காட்ட வெங்காய வேர்நுனி ஸ்லைடு தயாரிக்கிறேன். காலையில் வேரை வெட்டி, 1 பங்கு அசிட்டிக் அமிலம், 3 பங்கு ஆல்கஹால் கலவையில் ஒரு நாள் வைத்து, அப்புறம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் லேசாகச் சூடாக்கி அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றுகிறேன். நிறம் நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடக்கின்றன. பெரும்பாலும் இன்டர்ஃபேஸ்தான், அதாவது இன்னும் பிரியத் தொடங்காத செல்கள். மெட்டாஃபேஸ் (குரோமோசோம்கள் செல்லின் நடுவில் வரிசையாக நிற்கும் கட்டம்) சிக்கினாலும் 16 குரோமோசோம்களும் ஒரே திட்டாகத் தெரிகின்றன, எண்ணவே முடியவில்லை.

அமிலத்தில் இன்னும் கொஞ்ச நேரம் விட வேண்டுமா? இல்லை, நுனியின் 2 மில்லிமீட்டரைத் தாண்டி வெட்டிவிடுகிறேனா? செல் பிரிவை மெட்டாஃபேஸில் நிறுத்தும் கோல்ச்சிசின் நச்சு, வகுப்பறைக்கு வேண்டாம். சின்ன வெங்காயத்தில் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன். படம் வேண்டுமென்றால் போடுகிறேன்.