தொப்பூர் ஏற்றத்தில் ஹீட் ஆன வண்டி: ரேடியேட்டர் மாற்றிய அனுபவம்

வணக்கம். ரேடியேட்டர் மாற்றிய கதையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நம்ம பக்கத்தில் பழைய டர்போ வண்டி வைத்திருப்பவர்கள் நாலு பேருக்காவது உதவும். உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள்.

வண்டி 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 150 குதிரைத்திறன். நான் வாங்கும்போதே இரண்டு பேர் கை மாறி வந்தது. போன மே மாதம் மதியம் இரண்டு மணி வெயிலில் சேலத்திலிருந்து கிருஷ்ணகிரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். தொப்பூர் தாண்டி இரட்டைப் பாலத்துக்கு மேலே ஏறும்போது முன்னால் போன இரண்டு லாரிகள் ஒன்றையொன்று முந்தப் பார்த்து ரோட்டையே அடைத்துக்கொண்டன. இரண்டாவது கியர், ஏசி ஓடுகிறது, ஊர்ந்துகொண்டு போகிறேன். டேஷ்போர்டில் வெப்பநிலை முள் 90-இல் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. போனில் இருந்த, இஞ்சின் கம்ப்யூட்டரின் அளவுகளைக் காட்டும் ஓபிடி ஆப்பிலோ 98, 101, 104 என்று ஏறிக்கொண்டே இருந்தது. 107-ஐத் தொட்ட பிறகுதான் முள் லேசாக அசைந்தது.

இந்தத் தலைமுறை வண்டிகளில் முள்ளை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். கூலன்ட் (இஞ்சினுக்குள் ஓடிச் சூட்டை எடுத்துவரும் திரவம்) 80 டிகிரியில் இருந்தாலும் 100 டிகிரியில் இருந்தாலும் முள் 90-ஐத்தான் காட்டும். அது அசைகிறது என்றால் நிலைமை ஏற்கெனவே கெட்டுவிட்டது என்று அர்த்தம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து ஒரு ஓபிடி அடாப்டர் வாங்கிச் செருகிக்கொள்ளுங்கள்.

ஏசியை நிறுத்தினேன். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து நான்கு கண்ணாடியையும் இறக்கினேன். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை இழுத்துக்கொள்ளும். கணவாயில் வண்டியை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்பதால் கட்டமேடு வரை மெதுவாக ஏற்றி, பாளையம் சுங்கச்சாவடி தாண்டி ஓரம் கட்டினேன். பானெட்டைத் திறந்ததும் கூலன்டின் அந்த இனிப்பு வாசனை. ரேடியேட்டரின் இடது பக்கம் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் மடிப்பில் இளஞ்சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் கூலன்ட் டப்பா மூடியைத் தொடவே இல்லை. அந்த மூடிதான் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. ஒவ்வொரு பிஎஸ்ஐ அழுத்தத்துக்கும் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி உயரும். சூட்டில் திறந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கி, உள்ளே இருப்பது அத்தனையும் அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும்.

மறுநாள் முதலில் போன கடையில், "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிவிட்டா சரியாயிடும் தம்பி" என்றார்கள். இஞ்சின் சூடாகும் வரை கூலன்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு அது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பழைய பேட்டை பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் போனேன். ரேடியேட்டர் ஆர்டர் போடு என்று அவர் சொல்லவில்லை. முதலில் நீல நிறத் திரவம் ஊற்றிய சோதனைக் குழாயை கூலன்ட் டப்பா வாயில் வைத்துப் பார்த்தார். ஹெட் கேஸ்கெட் (இஞ்சினின் மேல், கீழ்ப் பாகங்களுக்கு நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போயிருந்தால் எரிந்த வாயு கூலன்டில் கலந்து அந்த நீலம் மஞ்சளாகும். மாறவில்லை. அப்புறம் இஞ்சினை ஓடவிட்டு வெப்பநிலை பார்க்கும் துப்பாக்கியை ரேடியேட்டர் முகம் முழுக்க மெதுவாக ஓட்டினார். உள்ளே வரும் பக்கம் 93. வெளியே போகும் பக்கம் போகப்போக இறங்க வேண்டும், அது சரி. ஆனால் நடுவில் ஒரு கை அகலத்துக்கு 55-தான் காட்டியது. "அந்த இடத்துல தண்ணியே ஓடலப்பா" என்றார்.

இனி எதை வாங்குவது? நான் மூன்று வாரம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டது இந்த இடத்தில்தான். பளபளவென்று வெல்டிங் செய்த முழு அலுமினிய ரேடியேட்டர், 50 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன், படத்தைப் பார்த்தாலே ஆசையாக இருக்கும். வாங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். அண்ணன் டேப்பை எடுத்து ஃபேனுக்கும் இஞ்சினுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அளந்து காட்டினார். அவ்வளவு தடிமன் உட்கார வேண்டுமென்றால் ஃபேன் கூண்டை (ஃபேனைச் சுற்றி ரேடியேட்டர் முகத்தை மூடும் உறை) கழட்டி எறிய வேண்டும். கூண்டு இல்லாத ஃபேன் தனக்கு நேர் எதிரே இருக்கும் வட்டத்தில் மட்டும்தான் காற்றை இழுக்கும், நான்கு மூலையும் சும்மா கிடக்கும். இன்னொன்று, தடிமன் கூடக்கூடக் காற்று நுழைவதற்குத் தடை கூடும். நூற்றிருபதில் போகும்போது காற்று தானாக அடித்துத் தள்ளும், அப்போது தடிமன் உதவும். தொப்பூரில் லாரிக்குப் பின்னால் இருபதில் போகும்போது ஃபேன் மட்டும்தான் துணை. என் வண்டி நிற்பது அங்கேதான், ரேஸ் டிராக்கில் இல்லை.

செம்பு, பித்தளை கோர் (ரேடியேட்டரின் நடுவே குழாய்களும் அவற்றோடு ஒட்டிய ஃபின் எனும் மெல்லிய தகடுகளும் இருக்கும் பகுதி) அடித்துத் தரும் கடைகளும் இங்கே உண்டு. செம்பு அலுமினியத்தைவிட நன்றாகச் சூட்டைக் கடத்தும் என்பது உண்மைதான். ஆனால் அலுமினியத்தில் குழாயை அகலமாக, ஈயப் பற்று இல்லாமல், ஃபின்னோடு நேராக ஒட்டிவிட முடிகிறது. எடையும் குறைவு. அதனால் நடைமுறையில் அலுமினிய கோர் பின்தங்குவதில்லை. கடைசியில் நான் எடுத்தது கம்பெனி அளவிலேயே வரும் அலுமினிய கோர், பிளாஸ்டிக் தொட்டி. 650-க்கு 415 மில்லிமீட்டர். இந்த அளவிலேயே மெல்லியதும் தடித்ததும் வருகின்றன. பழையதை அளந்து தடித்ததைக் கேட்டு வாங்கினேன். பார்த்து வாங்குங்கள், கடைக்காரர் கையில் கிடைத்ததைக் கொடுத்துவிடுவார்.

மாற்றும் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தின்றது. முன் பம்பரைக் கழட்டி, முன் சட்டத்தின் போல்ட்டுகளை எடுத்து நீளமான ராடுகளில் முன்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். அப்போதுதான் கை நுழையும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்ஸரின் கேஸை வெளியேற்றவில்லை, கயிற்றில் கட்டி ஓரமாகத் தொங்கவிட்டோம். கண்டென்ஸரை விலக்கியதும் ரேடியேட்டர் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். பூச்சி, மாம்பூ, மண் எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி அப்பியிருந்தது. முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்ஸர் சுத்தமாகத்தான் தெரியும், அழுக்கு இரண்டுக்கும் நடுவில் சேர்கிறது. இரண்டு ஓரங்களிலும் இருக்க வேண்டிய ஸ்பாஞ்சுப் பட்டையும் பொடிந்து போயிருந்தது. அது இல்லையென்றால் முன்னால் வரும் காற்று ரேடியேட்டருக்குள் நுழையாமல் பக்கவாட்டில் தப்பித்துப் போய்விடும். புதுப் பட்டை வெட்டி ஒட்டினோம். பெரிய செலவில்லை, ஆனால் இதை ஒருவரும் செய்வதில்லை.

கழட்டிய பழைய ரேடியேட்டரை ஆக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்துப் பார்த்தோம். குழாய்களின் உள்ளே வெள்ளையும் பழுப்புமாக ஓடு. வீட்டில் வெந்நீர் அண்டாவின் அடியில் ஒட்டியிருக்குமே, அதே பொருள். நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது. நடுவில் ஆறேழு குழாய்கள் முழுக்க மூடிக்கிடந்தன. முன்னால் வைத்திருந்தவர்கள் போர் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். நானும் இரண்டு முறை வீட்டுக் குழாயில் பிடித்து ஊற்றியிருக்கிறேன், மறைக்கவில்லை. நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்தின் நிலத்தடி நீரும் எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஃப்ளூரைடு பல்லைக் கெடுக்கிறது என்றுதானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ரேடியேட்டரை அடைப்பது ஃப்ளூரைடு அல்ல, அதே தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள். சூடு ஏற ஏற அவை பிரிந்து ஒட்டிக்கொள்ளும். எங்கே சூடு அதிகமோ அங்கே, அதாவது இஞ்சினுக்குள்ளும், படியும். அதனால் புதியதைப் பொருத்தும் முன்னால் இஞ்சின் பக்கத்தையும் டிஸ்டில்ட் வாட்டர் விட்டு, வெளியே வருவது தெளியும் வரை மூன்று முறை அலசினோம்.

ஓ-ரிங்கில் கூலன்டைத் தடவிச் செருகினோம். பழைய ஸ்பிரிங் கிளிப்புகளையே திரும்பப் போட்டார் அண்ணன். ஹோஸ் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும்போது ஸ்பிரிங் கூடவே நெருக்கிப் பிடிக்கும், திருகுக் கிளிப் அப்படிச் செய்யாது என்றார். கை பம்பால் ஒரு பார் அழுத்தம் ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போனோம். வந்து பார்த்தபோது பம்பின் முள் நகரவில்லை. பிறகு கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி, ஹீட்டரைத் திறந்துவைத்து நிதானமாக ஊற்றினோம்.

அதோடு முடியவில்லை. சோதித்துப் பார்க்கும்போது 102 தாண்டியும் ஃபேனின் இரண்டாவது வேகம் வரவே இல்லை. ரேடியேட்டர் ஓரத்தில் திருகியிருக்கும் வெப்ப சுவிட்ச் செத்திருந்தது. ஏறக்குறைய 95-இல் முதல் வேகமும் 102-இல் இரண்டாவதும் வர வேண்டும். பழைய சுவிட்சைப் புது ரேடியேட்டரில் திருகியது எங்கள் தவறு. அந்தச் சின்னப் பொருளையும் முதலிலேயே புதிதாக வாங்கியிருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து அதே வெயிலில், வேண்டுமென்றே ஒரு லாரிக்குப் பின்னால் தொப்பூர் ஏறினேன். அதிகபட்சம் 99. கட்டமேட்டில் நின்று பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை.

—

ஓசூரிலிருந்து:

அண்ணா, நீங்கள் வேண்டாம் என்று விட்டதை நான் வாங்கிப் போட்டவன். என்னுடையது பழைய ஹோண்டா சிட்டி விடெக், கோவை கரி டிராக்குக்கு வருடத்தில் இரண்டு முறை கொண்டுபோவேன். அங்கே 52 மில்லிமீட்டர் அலுமினியம் அருமையாக வேலை செய்தது, பத்துச் சுற்று தொடர்ந்து போட்டும் 95 தாண்டவில்லை. ஆனால் ஓசூர் பஸ் ஸ்டாண்டு சிக்னலில் பத்து நிமிடம் நின்றால் 105. கூண்டு இல்லாமல் ஒல்லி ஃபேனைப் பிளாஸ்டிக் ஊசியால் கோரிலேயே குத்திக் கட்டியிருந்தேன். அந்த ஊசி உரசி உரசி ஒரு குழாயில் ஓட்டையும் விழுந்தது. சிப்காட் பக்கம் டிக் வெல்டிங் செய்யும் ஒரு பட்டறையில் ஓட்டையை அடைத்து, அலுமினியத் தகட்டில் முழு முகத்தையும் மூடும் கூண்டு அடித்து, அதில் ஃபேனை மாட்டினேன். ரேடியேட்டர் அதேதான், ஃபேனும் அதேதான், இப்போது சிக்னலில் 96. தடிமன் வாங்குகிறவர்கள் கூண்டுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள்.

—

பாலக்கோட்டிலிருந்து:

எங்கள் அப்பா முப்பது வருடம் ரேடியேட்டர் கடை வைத்திருந்தார். தக்காளி லாரிகள்தான் அதிகம் வரும். அப்போது எல்லாம் செம்பு. மேல் தொட்டியைப் பற்றவைத்துப் பிரித்து, குழாய்க்குள் நீளக் கம்பி விட்டு உப்பை இடித்து எடுத்து, மறுபடி ஈயம் வைத்து மூடிவிடுவார். இன்றைய அலுமினிய கோரில் அந்த வேலை நடக்காது, குழாய் அவ்வளவு மெல்லியது. ஆசிட் ஊற்றிக் கழுவுகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், அலுமினியத்தையே தின்றுவிடும்.

கழுவுவதில் ஒரு விஷயம். பிரஷர் பம்பை முன்னாலிருந்து அடித்தால் ஃபின் மடங்கி இருக்கிற வழியும் அடைபடும். முடிந்தால் இஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, சாதாரணத் தோட்டக் குழாயில், நேராக விடுங்கள். வந்த வழியே அழுக்கு திரும்பிப் போகும். மாம்பூ காலம் முடிந்ததும் ஒரு தடவை போதும்.

—

தருமபுரியிலிருந்து:

முதல் பதிவில் வந்த தெர்மோஸ்டாட் பேச்சு எனக்கும் நடந்தது. என் டர்போ ஹேட்ச்பேக்கில் கேட்காமலேயே கழட்டிவிட்டார்கள். ஹீட் பிரச்சினை போய்விட்டது போலத்தான் இருந்தது. ஆனால் அதியமான்கோட்டை வரை போனாலும் கூலன்ட் 65 தாண்டாது. இஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்ற, மைலேஜ் விழுந்தது, செக் இஞ்சின் விளக்கும் எரிந்தது. புது தெர்மோஸ்டாட் போட்ட அன்றே விளக்கு அணைந்துவிட்டது.

அதே கடையில் இளஞ்சிவப்பு கூலன்ட் இருந்த டப்பாவில் பச்சையை ஊற்றியிருக்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகாமல் டப்பா அடியில் கோதுமை அல்வா மாதிரி பழுப்பாகத் திரண்டு கிடக்கிறது. அலசினால் போதுமா, ரேடியேட்டரையே மாற்ற வேண்டுமா அண்ணா?

—

கிருஷ்ணகிரியிலிருந்து, முதலில் எழுதியவர்:

உடனே வாங்க வேண்டாம்மா. முதலில் கூலன்ட் டப்பாவைக் கழட்டித் தனியாகக் கழுவுங்கள். கீழ் ஹோஸைக் கழட்டி எல்லாவற்றையும் வடித்துவிட்டு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, ஹீட்டரைத் திறந்து, தெர்மோஸ்டாட் திறக்கும் சூடு வரை ஓடவிட்டு, ஆறியதும் வடியுங்கள். தெளிவாக வரும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், நாலைந்து முறை ஆகலாம். கேன் தண்ணீர் வேண்டாம், அதிலும் கொஞ்சம் உப்பு இருக்கும். அதன் பிறகு வெப்பத் துப்பாக்கியால் பார்த்து, குளிர்ந்த இடம் இருந்தால் மட்டும் ரேடியேட்டர் வாங்கலாம். துப்பாக்கியும் அழுத்தப் பம்பும் என்னிடம் இருக்கின்றன. வரும் ஞாயிறு காலையில் காவேரிப்பட்டணம் வரை வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள். வந்ததும் ஒரு மணி நேரம் ஆறவிட்டுத்தான் மூடியைத் திறப்போம்.