ப்ளீச் கரைசலில் குளோரின் அளவு: டிபிடி கிட் ஏன் பொய் சொல்கிறது?

கேள்வி: லேபிளில் 5% என்றுள்ள சோடியம் ஹைப்போகுளோரைட்டில் (ப்ளீச்) டிபிடி மாத்திரை (குளோரின் இருந்தால் நீரை இளஞ்சிவப்பாக்கும் சோதனை மாத்திரை) போட்டால் இளஞ்சிவப்பு ஒரு நொடி வந்து மறைகிறது. சரக்கு கெட்டுவிட்டதா? சரியாக அளப்பது எப்படி?

பதில் 1: கெட்டதாகச் சொல்ல முடியாது. 5% என்றால் லிட்டருக்கு சுமார் 50,000 மி.கி. டிபிடி கிட் குடிநீருக்கானது, சில மி.கி. வரைதான் தாங்கும். அதிகக் குளோரின் அந்த நிறத்தையே வெளுத்துவிடும். அயோடோமெட்ரிக் டைட்ரேஷன் செய்யுங்கள் (குளோரின் வெளியேற்றும் அயோடினை, செறிவு தெரிந்த தயோசல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் முறை). 10 மி.லி. ப்ளீச்சை 250 மி.லி. குடுவையில் காய்ச்சி வடித்த நீரால் நிரப்பி, அதில் 25 மி.லி. எடுங்கள் (அசல் 1 மி.லி.க்குச் சமம்). 2 கிராம் பொட்டாசியம் அயோடைடு கரைத்த பிறகே 10 மி.லி. அசிட்டிக் அமிலம். வரிசை மாறினால் குளோரின் வாயுவாகப் போய்விடும், மூக்குக்கும் ஆபத்து. 0.1 நார்மல் (செறிவு அலகு) தயோசல்பேட்டால் வெளிர்மஞ்சள் வரும்வரை இறக்கி, அப்புறம் ஸ்டார்ச் விட்டு, நீலம் மறையும்வரை தொடருங்கள்.

செலவான தயோசல்பேட் மி.லி. × 3.546 = லிட்டருக்கு கிராம் குளோரின். 14.1 மி.லி. செலவானால் 50 கிராம், அதாவது 5%.

பதில் 2: ஸ்டார்ச்சை முதலிலேயே ஊற்றாதீர்கள். அதிக அயோடினைப் பிடித்துக்கொண்டு லேசில் விடாது, முடிவுப்புள்ளி (நீலம் மறையும் தருணம்) இழுக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வேண்டாம்: பழைய ப்ளீச்சிலுள்ள குளோரேட்டும் வினைபுரிந்து அளவைக் கூட்டிக் காட்டும். தயோசல்பேட் நாளடைவில் வலு குறையும், பொட்டாசியம் அயோடேட்டால் சரிபாருங்கள்.

கேட்டவர்: லேபிளில் எடை சதவீதம் போட்டிருக்கிறதே?

பதில் 1: அப்படியானால் கிடைத்த சதவீதத்தை (அது 100 மி.லி.க்கு கிராம்) கரைசலின் அடர்த்தியால் (மி.லி.க்கு கிராம்) வகுங்கள். "சோடியம் ஹைப்போகுளோரைட்" சதவீதமா, "கிடைக்கும் குளோரின்" சதவீதமா என்றும் பாருங்கள். டைட்ரேஷன் தருவது பின்னது; முன்னது வேண்டுமானால் 1.05-ஆல் பெருக்க வேண்டும்.