புதுப்பிப்பு: திருவாதிரை கணக்கு சரியாயிருச்சு

போன வாரம் புலம்பியிருந்தேனே, திருவாதிரை (பெடல்ஜூஸ்) விண்மீனோட நிறம் கண்டுபிடிக்கப் போய் வெப்பநிலை மைனஸ் 23 லட்சம் கெல்வின் வருதுன்னு? தப்பு என்மேலதான். நீல வடிகட்டி வழியா எடுத்த பிரகாச அளவிலிருந்து (2.27) பச்சை-மஞ்சள் அளவைக் (0.42) கழிக்கணும், நான் தலைகீழா கழிச்சிருக்கேன். பிரகாசம் கூடினா எண் குறையும்ங்கிற பழைய கூத்துல குழம்பிட்டேன்.

இப்ப அந்த வித்தியாசம் (பி−வி) 1.85. அதிலிருந்து வெப்பநிலை தர்ற பாலஸ்டெரோஸ் சூத்திரத்துல போட்டா சுமார் 3,330 கெல்வின். அந்த வெப்பநிலைக்கான நிறமா கணினித் திரையில வந்தது சிவப்பே இல்ல, குண்டு பல்பு மாதிரி வெளிர் ஆரஞ்சு. நம்பாம நேத்து ராத்திரி ஒத்தக்கடை போய் யானைமலை அடிவாரத்துல நின்னு பார்த்தேன். அதேதான்!

ரைஜெல்ங்கிற இன்னொரு விண்மீனுக்கு பி−வி −0.03: வெள்ளையில துளி நீலம். ஆனா சூத்திரம் 10,500 தருது, நிஜம் 12,000 பக்கம். சூடான விண்மீனுக்கு இதை நம்பாதீங்க.