சித்தப்பாவின் நான்கு பழைய ஸ்டீல் டேங்குகள்: எது தேறும், என்ன பெறும்?

கிணற்றுத்தவளை:

வணக்கம். என் சித்தப்பா ஒரு காலத்தில் விடாமல் டைவிங் போனவர். அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் சித்தி சாமான் அறையை ஒழித்தபோது, சாக்கில் சுற்றிய நான்கு ஸ்கூபா டேங்குகள் கிடைத்தன. "நீதான் தண்ணிக்குள்ள போறவன், எடுத்துட்டுப் போ. வித்தா காசைக் கொண்டு வந்து குடு" என்று என் தலையில் கட்டிவிட்டார். நான் இதுவரை வாடகை அலுமினிய டேங்கைத் தவிர வேறு எதையும் முதுகில் மாட்டியதில்லை.

தோள்பட்டையில் பொறித்திருப்பதை டார்ச் அடித்துப் படித்தேன்:

1. டிஓடி-3ஏஏ2250, ஒரு வரிசை எண், அப்புறம் 4 72 +. அதற்குக் கீழே 83, 89 என்று முடியும் தேதிகள். அவற்றில் கூட்டல் குறி இல்லை. சாம்பல் நிறம், அடியில் கறுப்பு ரப்பர் பூட்.

2. ஐசிசி-3ஏஏ2250, 5 65. மஞ்சள் பெயின்ட். வால்வின் பக்கவாட்டில் ஒரு நெம்புகோல், அதிலிருந்து கீழே தொங்கும் கம்பி.

3. 232 பார், 348 பார், 12 லிட்டர், எம்25, 2003/07. வெள்ளை நிறம்.

4. முதலாவதைப் போலத்தான். ஆனால் 3ஏஏ2250 என்ற எழுத்துகளின் மேலேயே எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்று உளியால் அடித்தது போல இருக்கிறது.

எதைத் தலைமுழுகுவது, எதை வைத்துக்கொள்வது? சித்தியிடம் என்ன கணக்குச் சொல்வது?

ஈயக்கட்டி:

ஐம்பது வருடப் பழசா? பழைய இரும்புக்குப் போடுங்கள். பழைய டேங்க் நிரப்பும்போதே வெடித்த கதை எல்லாம் கேட்டதில்லையா? கழுத்தில் விரிசல் விடும்.

அழுத்தமானி:

ஈயக்கட்டி சொல்லும் கழுத்து விரிசல் 6351 என்ற கலவையில் செய்த பழைய அலுமினிய டேங்குகளுக்கு உள்ள வியாதி. ஸ்டீலுக்கு அது வராது. ஸ்டீலுக்கு எமன் துரு, அதுவும் உள்ளே இருக்கும் துரு. வயதை மட்டும் வைத்துத் தள்ளிவிடாதீர்கள். பதினாறு வருடம் கம்ப்ரெசர் பக்கத்தில் நின்று காற்று நிரப்பியவன் நான். 60களில் செய்த ஸ்டீல் டேங்க் கண்ணாடி மாதிரி இருந்ததையும் பார்த்திருக்கிறேன், மூன்று வருடப் புதுசு உள்ளே புற்றுப் பிடித்ததையும் பார்த்திருக்கிறேன்.

விலையைப் பிறகு பேசலாம் தம்பி. முதலில் ஒன்று: எதையும் கழற்றாதீர்கள். வால்வு திருகவில்லை என்றால் டேங்க் காலி என்று அர்த்தமில்லை. உள்ளே அழுத்தம் இருக்கும்போதே வால்வு இறுகிப்போயிருக்கலாம். திரும்பினால் மெதுவாகத் திறந்து முழுக்க வடித்துவிடுங்கள். திரும்பாவிட்டால் அப்படியே சோதனைக்கூடத்தில் கொடுங்கள். அந்தக் காற்றை ஒரு மூச்சுகூட இழுத்துப் பார்க்க வேண்டாம். ஈரம் தங்கிய ஸ்டீல் டேங்க் துருப்பிடிக்கப் பிடிக்க உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மூக்குக்கு வாசனை எதுவும் தெரியாது, ஆளை மட்டும் சாய்த்துவிடும்.

இனி முத்திரைகள். இவை அமெரிக்க முறை. டிஓடி அங்குள்ள போக்குவரத்துத் துறை. அதற்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்த ஆணையம்தான் ஐசிசி. அதனால் ஐசிசி என்று இருந்தாலே பழசு என்று புரிந்துகொள்ளலாம். 3ஏஏ என்பது குரோம்-மாலிப்டினம் கலந்த ஸ்டீல். வெறும் 3ஏ என்று இருந்தால் அதற்கும் முந்தைய சாதாரண கார்பன் ஸ்டீல், அதை நான் தொடமாட்டேன். 2250 என்பது வேலை அழுத்தம், பிஎஸ்ஐ கணக்கில். முதல் தேதி பிறந்த நாள். அடுத்தடுத்த தேதிகள் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை செய்யும் ஹைட்ரோ சோதனைகள், அதாவது தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றி டேங்க் எவ்வளவு விரிகிறது என்று பார்ப்பது. நல்ல டார்ச் அடித்தால் மாதத்துக்கும் வருடத்துக்கும் நடுவே சோதனை செய்தவரின் நான்கு எழுத்துக் குறி சதுரமாகத் தெரியும். அது இல்லாத தேதியை நான் நம்புவதில்லை. வீட்டில் உட்கார்ந்து சுத்தியலால் தேதி அடித்த மகான்களும் உண்டு.

அந்தக் கூட்டல் குறிதான் உங்கள் முதல் டேங்கின் கதையே. கூட்டல் இருந்தால் 10 சதவீதம் கூடுதலாக, 2475 வரை நிரப்பலாம். இந்த ரகத்தை எல்லோரும் "72" என்பார்கள், 2475ல் 71.2 கன அடி காற்று பிடிக்கும். கூட்டல் இல்லாமல் 2250 என்றால் சுமார் 65தான். ஆலையில் ஒரு முறை அடித்த கூட்டல் ஆயுசுக்கும் செல்லாது, ஒவ்வொரு ஹைட்ரோவிலும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும். உங்கள் டேங்க் 83லும் 89லும் அதைச் சம்பாதிக்கவில்லை. டேங்க் கெட்டுப்போனதால் அல்ல, பெரும்பாலும் யாரும் கேட்காததால். அதற்கு மீள்விரிவை, அதாவது அழுத்தத்தில் விரிந்து பிறகு பழையபடி சுருங்கும் அளவை, அது உச்ச வரம்பைத் தாண்டவில்லையா என்று தனியாகப் பார்க்க வேண்டும். வாய்விட்டுக் கேட்டால்தான் செய்வார்கள்.

நான்காவதுக்கு இரங்கல். எழுத்துகளின் மேல் எக்ஸ் அடிப்பது சோதனையில் தோற்றதற்கான முத்திரை. அதற்கு மேல்முறையீடு கிடையாது. வால்வைக் கழற்றி வைத்துக்கொண்டு உடம்பை அறுத்துவிடுங்கள். பெயின்ட் அடித்து மறைத்து விற்கிற ஆசாமி கையில் சிக்கக்கூடாது.

இரண்டாவதில் உள்ள நெம்புகோல் ஜே வால்வு. அழுத்தமானி பரவலாக வராத காலத்தில், காற்று குறைந்ததும் இழுக்க இழுக்க மூச்சு கனக்கும். கம்பியைக் கீழே இழுத்தால் கடைசி 300, 500 பிஎஸ்ஐ கிடைக்கும். கயிற்றிலோ பாறையிலோ பட்டு நெம்புகோல் தானாக இறங்கியிருந்தால் இழுக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. அதில் கழுத்தைப் பாருங்கள். வால்வு தோளோடு ஒட்டி உட்காராமல், மரை கொஞ்சம் வெளியே தெரிந்து, வெள்ளை டேப் சுற்றியிருந்தால் அது அரை அங்குலக் கூம்பு மரை. ஓ-ரிங் கிடையாது. அதை நிரப்பப் பல இடங்களில் மறுப்பார்கள்.

அப்புறம் ரப்பர் பூட்டைக் கழற்றுங்கள். சர்க்கஸ்தான், வெந்நீர் ஊற்றி, சோப்பு போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு. உப்பு நீர் தங்கி அரிக்கிற இடம் அதுதான். பூட் இல்லாத நிலையில் காலி டேங்கை மரக்கட்டையால் தட்டினால் கோயில் மணி மாதிரி நீளமாக ஒலிக்க வேண்டும். "தொப்" என்றால் உள்ளே ஏதோ படிந்திருக்கிறது. உருட்டிக் காதை வையுங்கள், சரசரவென்று செதில் ஓடினால் தெரியும்.

கிணற்றுத்தவளை:

அண்ணா, மிக்க நன்றி. 1, 2, 4 மூன்றும் காலி. 3ல் நிறையக் காற்று இருந்தது, வடிக்கவே அரை மணி நேரம் ஆனது. காந்தம் நான்கிலும் ஒட்டுகிறது. முதல் டேங்க் பூட்டைக் கழற்ற சித்தி மகனும் நானும் ஒரு மாலை முழுக்கப் போராடினோம். உள்ளே அவ்வளவும் சாம்பல் நிறத் துத்தநாகம், விரல்நகம் அளவுக்கு ஒரே ஒரு பழுப்பு. தட்டினால் நாய் எழுந்து குரைக்கிற அளவுக்கு மணி. இரண்டாவது தொப். உருட்டினால் சரசர. கழுத்தில் நீங்கள் சொன்ன அதே வெள்ளை டேப்.

மூன்றாவதின் வால்வு பழசாக இருக்கிறது. முதலாவதின் வால்வு நன்றாக இருக்கிறதே, அதைக் கழற்றி இதில் போடலாமா? அளவு ஒன்று போலத்தான் தெரிகிறது.

சுறாமுள்:

போடாதீர்கள்! மற்ற எதுவும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். உங்கள் மூன்றாவது டேங்க் ஐரோப்பிய ரகம், எம்25 மெட்ரிக் மரை. முதலாவது பெரும்பாலும் முக்கால் அங்குல மரை. முக்கால் அங்குல வால்வு எம்25 கழுத்தைவிடப் பெரிது, ஒழுங்காக உள்ளே போகாது, முடுக்கினால் மரைதான் கெடும். அதைவிட மோசம் தலைகீழாக மாற்றுவது: எம்25 வால்வு முக்கால் அங்குலக் கழுத்தில் சமர்த்தாக உள்ளே போகும், இறுகுவது போலவும் இருக்கும். ஆனால் மரை பிடித்திருக்காது. நிரப்பும்போதோ நிரப்பிய பிறகோ வால்வு துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். இதில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். வால்வின் காலிலும் அளவு பொறித்திருக்கும், டேங்க் கழுத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மற்றபடி நான்கில் அதிகம் பெறுவது அதுதான். 232 வேலை அழுத்தம், 348 சோதனை அழுத்தம், 12 லிட்டர் தண்ணீர்க் கொள்ளளவு. 12ஐ 232ஆல் பெருக்குங்கள், ஏறத்தாழ 2780 லிட்டர் காற்று. முதலாவது கூட்டலோடு நிரப்பினாலும் 2000 லிட்டர்தான்.

அழுத்தமானி:

சுறாமுள் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மரை அளவியை வைத்துப் பார்க்காமல் வால்வு மாற்றவே கூடாது.

மதிப்புக்கு என் கணக்கு இது. அதே கொள்ளளவில் புது ஸ்டீல் டேங்க் என்ன விலையோ அதில் பாதி: அதுதான் சோதனை முடித்த, உள்ளே சுத்தமான பழைய டேங்குக்கு நான் தரும் உச்சம். சோதனை முடியாததென்றால் ஹைட்ரோ, உள்பார்வை, வால்வு சர்வீஸ், பர்ஸ்ட் டிஸ்க் (அழுத்தம் மிஞ்சினால் உடைந்து காற்றை வெளியே விடும் வால்வுத் தகடு) இருந்தால் அதன் மாற்று எல்லாவற்றையும் கூட்டி, அந்தப் பாதியிலிருந்து கழிப்பேன். அப்புறமும் தோற்றுப்போகும் அபாயம் என்னுடையது, அதற்கும் கொஞ்சம். மிச்சம் பல நேரம் வால்வு விலைக்கு வந்து நிற்கும். விற்பவர்கள் "ஒரே ஒரு ஹைட்ரோ போட்டால் போதும் சார்" என்பார்கள். போதுமென்றால் அவரே போட்டிருப்பாரே!

72க்கு இன்னும் ஆள் தேடி வருவதற்குக் காரணம் எடை. வாடகைக்குக் கிடைக்கிற அலுமினியம் 80 (80 கன அடி ரகம்) காலியாகும்போது இரண்டு கிலோ அளவுக்கு மிதக்கும், அதை அமுக்க இடுப்பில் ஈயம். 72 காலியாகும்போதும் கிட்டத்தட்ட மிதக்காமல் அமிழாமல் நிற்கும். முதுகில் இரண்டு டேங்கைச் சேர்த்து மாட்டுகிறவர்கள் ஒரே ஆலை, ஒரே காலத்து ஜோடிக்குக் கூடுதலாகவே தருவார்கள். உங்கள் நான்காவது பிழைத்திருந்தால் ஒருவேளை ஜோடி ஆகியிருக்கும்.

கிணற்றுத்தவளை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

இரண்டாவதைத் திறந்தார்கள். ஒரு கரண்டி அளவு தண்ணீர், ஒரு கை நிறையச் செதில். உள்ளே யாரோ பூசிய எபாக்ஸி உரிந்து தொங்கியதாம், துரு முழுக்க அதற்கு அடியில். ஹைட்ரோவுக்கே அனுப்பவில்லை.

முதலாவது தேறிவிட்டது! 3750 பிஎஸ்ஐ ஏற்றிச் சோதித்தார்கள். மொத்த விரிவில் 10 சதவீதத்துக்கு மேல் நிலைத்து நின்றுவிட்டால் தோல்வியாம், இதில் 3தான். கூட்டல் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டேன், அவர் சிரித்துக்கொண்டே ஏதோ அட்டவணையைப் புரட்டினார். இப்போது தோளில் புதுத் தேதி, பக்கத்தில் கூட்டல். மூன்றாவதும் தேறி, புது எம்25 வால்வோடு விலைபோய்விட்டது. நீங்கள் சொன்ன பாதிக்குச் சற்றுக் குறைவாக. காசு சித்தியிடம். முதலாவதற்கும் அதே கணக்கில் கொடுத்துவிட்டு நானே வைத்துக்கொண்டேன். போன ஞாயிறு அதோடு இறங்கினேன், பெல்ட்டில் இரண்டு கிலோ குறைத்து.

ஜே வால்வை என்ன செய்ய?

அழுத்தமானி:

கம்பியோடு இருக்கிறதா? பழம்பொருள் சேர்க்கிறவர்களுக்குக் கம்பிதான் முக்கியம், எல்லோரும் அதைத்தான் முதலில் தொலைத்திருப்பார்கள். டேங்கைவிட அது பெறும். பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள்.