10⁻⁸ மோலாரும் பாட்டியின் வெள்ளிச் சொம்பும்

குழு: ஆலமரத்து வீடு
குழு விதி (பெரியப்பா வகுத்தது): முழு வாக்கியத்தில், நல்ல தமிழில் எழுத வேண்டும். மீறினால் பாட்டியின் உண்டியலில் பத்து ரூபாய்.

வியாழக்கிழமை

நான், மாலை 6.10
எல்லோருக்கும் வணக்கம். நாளை மறுநாள் எனக்கு வேதியியல் பொதுத்தேர்வு. சித்தப்பா காலையில் அனுப்பிய "கட்டாயம் வரப்போகும் வினாக்கள்" என்ற செய்தியில், 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் மதிப்பு 8 என்று விடை கொடுத்திருக்கிறார்கள். சூத்திரத்தில் போட்டால் எனக்கும் 8 தான் வருகிறது. ஆனால் ஏழுக்குக் கீழே இருந்தால் அமிலம், மேலே போனால் காரம் என்றுதான் படித்திருக்கிறேன், அமிலத்துக்கு எப்படி 8 வரும் என்று புரியவில்லை. பெரியப்பா, நேரமிருந்தால் சொல்லுங்கள்.

சித்தப்பா, 6.12
அந்தச் செய்தியை நான் எழுதவில்லை, அலுவலக நண்பர் அனுப்பியதை அப்படியே உங்களுக்கு அனுப்பினேன்.

அண்ணன் (பெரியப்பாவின் மகன்), 6.13
அப்பா மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறார். எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் அவர் முதல் பத்தியில்தான் இருப்பார்.

பெரியப்பா, 6.31
அம்மாடி, முப்பத்து மூன்று ஆண்டுகள் மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் நடத்தியதில், இந்த ஒரு கேள்விக்கு 8 என்று எழுதாத வகுப்பை நான் பார்த்ததே இல்லை. பிஎச் என்பது ஹைட்ரஜன் அயனிச் செறிவின் எதிர்க்குறி மடக்கை என்பது சரி. ஆனால் அந்தக் குவளையில் இருக்கும் ஹைட்ரஜன் அயனிகள் எல்லாம் அமிலத்திலிருந்து வந்தவை என்று உனக்கு யார் சொன்னது? 25 டிகிரி செல்சியஸில் தூய நீரே தன்னளவில் 10⁻⁷ மோலார் ஹைட்ரஜன் அயனியை வைத்திருக்கிறது. நீ ஊற்றிய அமிலம் கொடுப்பது அதில் பத்தில் ஒரு பங்குதான். ஒரு சொம்பு வெந்நீரை வைகையில் ஊற்றினால் வைகை சுடாமல் இருக்கலாம், ஆனால் அந்த வெந்நீரால் வைகை குளிர்ந்துபோனது என்று யாராவது சொல்வார்களா? அமிலத்தை ஊற்றி 8 என்று விடை எழுதுகிறவர் அதைத்தான் சொல்கிறார்.

அத்தை, 6.33
சொம்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. அடுத்த மாதம் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பால் காய்ச்ச அம்மாவின் வெள்ளிச் சொம்பு வேண்டும். அது இப்போது யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

அப்பா, 6.34
அக்கா, பிள்ளைக்குத் தேர்வு முடியட்டும்.

நான், 6.36
அப்படியானால் 10⁻⁷, 10⁻⁸ இரண்டையும் கூட்டி 1.1 × 10⁻⁷ என்று எடுத்துக்கொண்டால் 6.96 வருகிறது. இதை எழுதலாமா, பெரியப்பா?

பெரியப்பா, 6.52
முதல் பள்ளத்தைத் தாண்டிவிட்டாய், இரண்டாவதில் கால் வைக்கிறாய். அமிலம் வந்தவுடன் நீர் தன் பழைய அளவிலேயே பிரிகையடைந்துகொண்டிருக்காது. வெளியிலிருந்து ஹைட்ரஜன் அயனி வந்து சேர்வதால் நீரின் அயனியாக்கம் சற்றுப் பின்வாங்கும். லீ சாட்லியர் தத்துவத்தைப் பதினொன்றாம் வகுப்பில் படித்ததும், பொது அயனி விளைவை இந்த ஆண்டு படித்ததும் இந்த இடத்தில்தான் கைகொடுக்க வேண்டும். ஆகவே நீர் எவ்வளவு கொடுக்கிறது என்று நாமாக முடிவு செய்யாமல், மொத்த ஹைட்ரஜன் அயனிச் செறிவை எக்ஸ் என்று வைத்துக்கொள். ஹைட்ராக்சைடு அயனி நீரிலிருந்து மட்டுமே வருகிறது என்பதால் அதன் செறிவு எக்ஸ் கழித்தல் 10⁻⁸. இரண்டையும் பெருக்கினால் நீரின் அயனிப் பெருக்கம், அதாவது 10⁻¹⁴. இந்த இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் எக்ஸ் 1.05 × 10⁻⁷ என்றும், பிஎச் 6.98 என்றும் வரும். ஏழுக்கு ஒரு மயிரிழை கீழே, அமிலத்தின் பக்கத்திலேயே நிற்கிறது பார். அமிலத்தை இன்னும் எத்தனை மடங்கு நீர்த்தாலும் ஏழை நெருங்குமே ஒழிய ஏழைத் தாண்டாது.

அண்ணன், 6.53
சரி.

பெரியப்பா, 6.53
"சரி" என்பது வாக்கியம் ஆகாது. பத்து ரூபாய்.

பெரியம்மா, 6.58
அத்தை கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் மரியாதை இல்லை என்பதால் எழுதுகிறேன். சொம்பு எங்கள் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. சற்றுக் கறுத்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அத்தை, 7.01
அம்மா கொடுத்தபோது நிலவு மாதிரி இருந்த சொம்பு எப்படிக் கறுக்கும், மதினி? வெள்ளியும் துருப் பிடிக்குமா? போன தைப்பொங்கலுக்கு வந்தபோது கையில் தூக்கிப் பார்த்தேன், எடையும் குறைந்த மாதிரி இருந்தது. நான் எதையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை.

சித்தப்பா, 7.02
கிரகப்பிரவேசத்துக்கு எவர்சில்வர் பாத்திரமே எனக்குப் போதும்.

நான், 7.04
பெரியப்பா, அத்தை கேட்டது எங்களுக்கும் பாடத்தில் வரும் ஐயம்தான். வெள்ளி கறுப்பது இரும்பு துருப்பிடிப்பது போன்றதா?

பெரியப்பா, 7.25
நல்ல வேளையாகக் கேட்டாய், இதில் ஐந்து மதிப்பெண்ணுக்கான செய்தி இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் நீரும் வேண்டும். அங்கே இரும்பின் ஒரு பகுதி நேர்மின்வாயாகவும் இன்னொரு பகுதி எதிர்மின்வாயாகவும் மாறி, இரும்பே தன்னைத் தானே தின்னும் ஒரு சிறு மின்கலமாகிவிடுகிறது. உண்டாகும் துரு உதிர்ந்து விழுவதால் அடியில் இருக்கும் இரும்பு மீண்டும் வெளிப்பட்டு அரிமானம் தொடர்கிறது. வெள்ளியோ வெறும் காற்றிலுள்ள ஆக்சிஜனுக்கு அசைந்து கொடுக்காது. காற்றில் மிகச் சிறிதளவு கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடுதான் ஆக்சிஜன் துணையோடு அதன் மேற்பரப்பைக் கறுப்பான சில்வர் சல்பைடாக மாற்றுகிறது. முட்டை, வெங்காயம், கம்பளி, ரப்பர் வளையம் ஆகியவற்றின் அருகே வைத்த வெள்ளி விரைவில் கறுப்பதற்குக் காரணம், அவற்றிலுள்ள கந்தகம்.

இனி எடை. ஒரு மோல் சில்வர் சல்பைடின் நிறை 248 கிராம். அதில் வெள்ளி 216, கந்தகம் 32. கறுப்புப் படிவதால் பாத்திரத்தின் எடை ஒரு துளி கூடுமே தவிரக் குறையாது. எடை குறைந்திருந்தால், அந்தக் கறுப்பை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் திருநீறு போட்டு அழுத்தித் தேய்த்தவர் வெள்ளியையும் சேர்த்துத் தேய்த்தெடுத்திருக்கிறார் என்றுதான் பொருள்.

அத்தை, 7.26
வெள்ளிக்கிழமைதோறும் தேய்த்தவர் யார் என்று அண்ணனே எழுதிவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பெரியம்மா, 7.28
பதினெட்டு வருடம் மாமியாரின் பொருளைத் தேய்த்துத் துலக்கி வைத்ததற்குக் கிடைத்த நற்சான்றிதழை மிகவும் மகிழ்ச்சியுடன் பெற்றுக்கொள்கிறேன்.

பெரியப்பா, 7.29
இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

அண்ணன், 7.30
அப்பா, நீங்கள் நீக்கியது தவறான செய்தி. திருநீறு இருந்த செய்தி இன்னும் மேலே அப்படியே இருக்கிறது.

அப்பா, 7.31
அண்ணே, பேச்சை மீண்டும் பாடத்துக்குக் கொண்டுபோங்கள், உங்களுக்கும் அதுதான் நல்லது.

பெரியப்பா, 7.44
பாடத்தைத்தான் சொல்கிறேன். தேய்க்காமலே கறுப்பைப் போக்க வழி உண்டு. அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, சமையல் சோடாவைக் கரைத்து, சொம்பு அந்தத் தாளைத் தொடும்படி வைத்தால் போதும். எலக்ட்ரானை ஏற்கும் நாட்டத்தைக் காட்டும் திட்ட ஒடுக்க மின்னழுத்தம் அலுமினியத்துக்கு −1.66 வோல்ட், வெள்ளிக்கு +0.80 வோல்ட். அலுமினியம் தான் ஆக்சிஜனேற்றம் அடைந்து, சல்பைடிலிருக்கும் வெள்ளி அயனியை மீண்டும் வெள்ளியாகவே ஒடுக்குகிறது. லேசாக அழுகிய முட்டை நாற்றம் வரும். அதுவே வினை நடக்கிறது என்பதற்குச் சான்று. வெள்ளி எங்கும் போவதில்லை, இருந்த இடத்துக்கே திரும்பி வருகிறது. இதை மதினியும் நாத்தனாரும் சேர்ந்து செய்து பார்க்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

அம்மா, 7.46
பாட்டி ஏதோ சொல்ல வேண்டும் என்று குரல்பதிவு அனுப்பியிருக்கிறார்கள். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, யாராவது எழுதுங்கள்.

அண்ணன், 7.55
பாட்டி சொன்னதை எழுதுகிறேன். தாத்தா சோழவந்தானில் தென்னங்குருத்து அழுகலுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்தடிப்பாராம். இரும்பு வாளியைத் தொட விடமாட்டாராம், மண்தொட்டியில்தான் கலக்குவாராம். கலந்த பிறகு அரிவாளின் நுனியை அதில் முக்கி எடுத்துப் பார்த்து, சிவப்பாக ஏதாவது படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பைச் சேர்ப்பாராம். "படிக்காத மனிதர் செய்த வேலை, படித்த பிள்ளைக்குப் புரிகிறதா என்று கேள்" என்று முடித்திருக்கிறார்கள்.

நான், 8.02
இது எங்கள் மின்வேதியியல் கணக்கேதான்! மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட்தான், அதன் கரைசலை இரும்புப் பாத்திரத்தில் சேமிக்கலாமா என்று கேட்பார்கள். தாமிரத்துக்கு +0.34, இரும்புக்கு −0.44, ஆகவே கலத்தின் மின்னழுத்தம் 0.78 வோல்ட். நேர்க்குறி வந்தால் வினை தானாக நிகழும், எனவே சேமிக்க முடியாது. அரிவாளில் படிந்த சிவப்பு தாமிரம்தானே, பெரியப்பா?

பெரியப்பா, 8.15
தாமிரமேதான். நூறு லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் சேர்த்தால் பயிரின் பூஞ்சை நோய்க்கு அடிக்கும் ஒரு சதவீதப் போர்டோ கலவை கிடைக்கும். சுண்ணாம்பு குறைந்தால் தாமிர அயனி கட்டில்லாமல் கரைசலில் நிற்கும். அது இலையைக் கருக்கிவிடும். அந்தக் கட்டற்ற அயனியைத்தான் அப்பா அரிவாளால் பிடித்துப் பார்த்திருக்கிறார். நான் பட்டம் வாங்கி வந்தபோது இதை அவரிடம் சமன்பாடு எழுதி விளக்கினேன். "சுண்ணாம்பு போதுமா போதாதா, அதை மட்டும் சொல்" என்றார்.

சித்தப்பா, 8.17
அந்தத் தோப்பை விற்க வேண்டாம் என்று அப்போதே நான் சொன்னேன்.

அப்பா, 8.17
அதை இப்போது எடுக்காதே.

நான், 8.20
இன்னும் இரண்டு ஐயங்கள்தான் இருக்கின்றன. மயில்துத்தத்தைச் சூடாக்கினால் நீலம் போய் வெள்ளையாவது ஏன்? முதல் வகை வினை 99.9 சதவீதம் நிறைவடைய அரை வாழ்நாளைப் போலப் பத்து மடங்கு நேரம் ஆகும் என்று நிறுவச் சொல்கிறார்கள். எனக்கு மடக்கை வரும்போதெல்லாம் கை நடுங்குகிறது.

பெரியப்பா, 8.41
முதலாவது எளிது. மயில்துத்தப் படிகத்தில் தாமிர அயனியைச் சுற்றி நான்கு நீர் மூலக்கூறுகள் ஈனிகளாக, அதாவது எலக்ட்ரான் இணையை ஈந்து பிணைபவையாக, அமர்ந்திருக்கின்றன. ஐந்தாவது ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. தாமிர அயனியின் அமைப்பு 3டி⁹, அதாவது ஓர் இடம் காலி. நீர் ஈனிகளால் பிளவுபட்ட டி-ஆர்பிட்டால்களுக்கிடையே எலக்ட்ரான் தாவும்போது சிவப்புப் பகுதி ஒளியை உட்கவர்வதால் நமக்கு நீலம் தெரிகிறது. சூடாக்கி நீரை விரட்டினால் அந்தப் பிளவு மாறி, கண்ணுக்குத் தெரியும் நிறம் போய்விடும். துத்தநாக அயனிக்கு 3டி¹⁰. தாவுவதற்குக் காலியிடமே இல்லாததால் நீர் இருந்தாலும் நிறமில்லை. இந்தக் கடைசி வரியை எழுத மறப்பவர்கள்தான் ஒரு மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

இரண்டாவதற்கு, அரை வாழ்நாள் என்பது இருப்பதில் பாதி தீர்வதற்கு ஆகும் நேரம், முதல் வகை வினையில் அது எப்போதும் மாறாது என்பதை வைத்துக்கொண்டு, பாட்டி மைசூர்பாகு பங்கிட்டதை நினைத்துக்கொள். வந்த பேரப்பிள்ளை ஒவ்வொருவரும் தட்டில் இருப்பதில் பாதியை எடுத்துக்கொண்டால், பத்தாவது பிள்ளை எடுத்த பிறகு மிஞ்சுவது ஆயிரத்து இருபத்து நான்கில் ஒரு பங்கு. 99.9 சதவீதம் முடிந்தது என்றால் மிஞ்சியது ஆயிரத்தில் ஒரு பங்கு. துல்லியமாகக் கணக்கிட்டால் 9.97 மடங்கு வரும், அதைத்தான் பத்து என்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மடக்கையை எழுது, விடை எங்கே போய் நிற்கும் என்று முன்பே தெரிந்தால் கை நடுங்காது. தாளில் மட்டும் மைசூர்பாகை எழுதிவிடாதே.

அண்ணன், 8.43
அந்தப் பத்தாவது பேரப்பிள்ளை நான்தான் என்பதை இந்தக் குழுவில் பதிவு செய்துகொள்கிறேன்.

அம்மா, 8.45
நாளை மாலை அவளைப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பலாமா, அல்லது இங்கேயே படிக்கட்டுமா என்று யாராவது முடிவு சொல்லுங்கள்.

அப்பா, 8.46
அனுப்பலாம் என்றுதான் நினைக்கிறேன். காலையில் பார்த்துக்கொள்வோம்.

பெரியம்மா, 8.47
தாராளமாக வரட்டும், தோசைக்கு மாவு அரைத்து வைக்கிறேன். சொம்பை மட்டும் யாரும் தொட வேண்டாம், நானும் இனித் தொடமாட்டேன்.

பெரியப்பா, 8.50
உறங்கப் போகும் முன் ஒன்றே ஒன்று, அம்மாடி. அமிலம் 10⁻⁷ மோலார் என்றால் பிஎச் எவ்வளவு?

நான், 9.04
எக்ஸ் 1.618 × 10⁻⁷ வருகிறது, பெரியப்பா. ஆகவே பிஎச் 6.79. ஏழு என்று எழுதினால் தவறு.

பெரியப்பா, 9.05
சரி.

அண்ணன், 9.05
"சரி" என்பது வாக்கியம் ஆகாது. பத்து ரூபாய்.

அத்தை, 9.07
பத்து ரூபாயை நான் கொடுக்கிறேன். கிரகப்பிரவேசத்துக்குச் சொம்பை யார் கொண்டு வருகிறீர்கள் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.